ஏற்காட்டு வளைவுகளைப் போர்வையில் தைக்க ஆசை: வளைவுத் தையலை எங்கே தொடங்குவது?

ஏற்காட்டுப் போர்வை:

வணக்கம். ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் இருக்கிறேன். வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறோம். அந்த அறைகளுக்கான போர்வைகளை நானே குயில்ட் செய்கிறேன், அதாவது துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிறேன். சேலத்தில் தெரிந்த தையல் கடையில் மிச்சமாகும் பிட் துணி, பழைய காட்டன் புடவை, உள்ளே பாலியஸ்டர் பஞ்சு ஷீட். சதுரமும் முக்கோணமும் கைக்குப் பழகிவிட்டன. மெஷின் காலால் மிதிக்கிற பழைய கறுப்பு உஷா.

இப்போது ஓர் ஆசை. அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன அல்லவா, அத்தனையையும் ஒரே போர்வையில் கொண்டுவர வேண்டும். சாம்பல் நிறத்தில் சாலை, இருபுறமும் காபித் தோட்டத்துப் பச்சை. வருகிறவர்கள் தலை சுற்ற ஏறி வந்து, அதே சாலையைப் போர்த்திக்கொண்டு தூங்கட்டுமே.

வீடியோக்களில் ட்ரங்கர்ட்ஸ் பாத் என்று ஒரு கட்டம் காட்டுகிறார்கள். கால் வட்டத் துண்டு ஒன்று, அதைச் சுற்றி எல் வடிவத் துண்டு ஒன்று. பழைய வேட்டியில் வெட்டி வைத்துப் பார்த்தேன். இரண்டு வளைவுகளும் எதிரெதிர்ப் பக்கம் வளைகின்றன, நீளமும் ஒத்துவரவில்லை. ஒன்று முக்கால் இஞ்ச் கூடுதலாக நிற்கிறது. அச்சு தவறா, இல்லை அப்படித்தான் இருக்குமா? குண்டூசி எத்தனை குத்துவது? உள்வளைவில் வெட்டு கொடுக்க வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், கூடவே கூடாது என்று இன்னொருவர். கால் இஞ்ச் தையலுக்கென்று அவர்கள் வைத்திருக்கும் தனி ஃபுட் (ஊசியடியில் துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதம்) எல்லாம் என் மெஷினுக்கு இல்லை. நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

கைத்தையல் மட்டும்:

இவ்வளவு பாடு எதற்கு? பச்சைத் துணியை முழுசாக விரியுங்கள். சாலையைச் சாம்பல் துணியில் வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து மேலே வைத்து, கையால் எம்மிங் போடுங்கள். அப்ளிக் என்பது அதுதானே. நூலும் ஊசியும் போதும், கரண்டும் வேண்டாம், மிதியும் வேண்டாம். சாலைக்குக் குறுக்குத் துணியில், அதாவது இழைக்குக் கோணலாக, பட்டை வெட்டினால் வளைகிற பக்கமெல்லாம் தானாக வளைந்து கொடுக்கும்.

அம்மாபேட்டை அக்கா:

மேலே சொன்னவருடைய வழி தப்பில்லை, ஆனால் போர்வைக்கு எனக்கு அது பிடிப்பதில்லை. சாலை போகிற இடத்தில் துணி இரட்டையாகிவிடும். பஞ்சு வைத்துக் குயில்ட் தையல் போடும்போது அங்கே மட்டும் ஊசி திணறும். பின்னால் இருக்கிற துணியை வெட்டி எடுத்துவிடலாம், ஆனால் அதுவும் ஒரு வேலை. அறைக்கு வருகிறவர்கள் போர்வையை மென்மையாகப் பயன்படுத்தப் போவதும் இல்லை. மாசத்துக்கு நாலு தடவை துவைக்கிற போர்வையில் எம்மிங் விளிம்பு முதலில் பிரியும். சுவரில் மாட்டுவதற்கு என்றால் தாராளமாக அப்படிச் செய்யலாம்.

தங்கச்சி, நான் அம்மாபேட்டையில் பிளவுஸ் தைக்கிறவள். குயில்ட் எனக்கும் பிட் துணி மூட்டை சேர்ந்துபோய் வந்த பழக்கம்தான். உங்கள் ஊரில் பிரின்ஸஸ் கட், கட்டோரி பிளவுஸ் தைக்கிற டெய்லர் யாராவது இருந்தால் அவருக்கு இந்த வேலை ஏற்கெனவே தெரியும். நடுப் பாகம் உள்ளே வளையும், பக்கப் பாகம் வெளியே வளையும், இரண்டையும் சேர்த்துத் தைப்போம். எதிரெதிர் வளைவைப் பார்த்து நாங்கள் யாரும் பயப்படுவதில்லை.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு, அதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். பிளவுஸில் மேடு வர வேண்டும். அதனால் இரண்டு பாகங்களின் தையல் கோடுகளையும் வேண்டுமென்றே வேறு வேறு வளைவில் வரைகிறோம். குயில்ட்டில் மேடு வரவே கூடாது, அதனால் இரண்டு துண்டுகளிலும் தையல் கோடு ஒரே வளைவு, ஒரே நீளம். வித்தியாசமாக இருப்பது வெட்டின ஓரம் மட்டும்தான். வட்டத் துண்டில் தையலுக்கு விட்ட துணி கோட்டுக்கு வெளியே போகிறது, அதனால் ஓரம் நீளம். எல் துண்டில் அதே துணி கோட்டுக்கு உள்ளே வருகிறது, அதனால் ஓரம் குட்டை. அச்சு சரிதான். நீங்கள் ஓரத்தை ஓரத்தோடு வைத்து அளந்திருக்கிறீர்கள். பேனாவால் இரண்டிலும் ரெண்டு நூல், அதாவது கால் இஞ்ச் (ஒரு நூல் அரைக்கால் இஞ்ச்), உள்ளே தள்ளிக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் டேப்பை நிற்க வைத்து அளந்து பாருங்கள். ஒத்து வரும்.

பழகுகிற காலத்தில் அந்தக் கோட்டை அழிக்காதீர்கள். தையல் சாக்கில் இரண்டு துண்டுகளிலும் பின்பக்கம் போட்டே தையுங்கள். வீடியோக்காரர்கள் போடுவதில்லை, அவர்கள் கை வேறு.

துணிக்கு வருகிறேன். பாப்ளின் நல்லது, அதைவிட முதலில் காடா துணி நல்லது. வேட்டி வேண்டாம், அது மெல்லிசு, வளைவில் இழுபடும். வளைவாக வெட்டினால் எந்தத் துணியும் ஏதோ ஓரிடத்தில் குறுக்கு விழும், அங்கே இழுத்தால் ரப்பர்தான். இளம்பிள்ளைப் புடவை பிட், பட்டு பிட் எல்லாம் அழகாக இருக்கும், ஆனால் வழுக்கும், இழை பிரியும். அதை எடுத்து வையுங்கள். பிற்பாடு பின்பக்கம் ஃப்யூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் துணி) ஒட்டித் தைக்கலாம்.

வெட்டுவதற்கு முன்னால் கஞ்சி போடுங்கள். வெட்டின பிறகு போடக் கூடாது, துண்டு கோணிவிடும். கடையில் விற்கிற ஸ்ப்ரே எதற்கு, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஜவ்வரிசி நம் ஊரில் கிடைக்கிறதே. கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, வடிகட்டி, துணியை முக்கிப் பிழிந்து, முக்கால் பதம் காய்ந்ததும் இஸ்திரி. கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரி விறைக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் குறுக்கு இழுபடாது. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

அச்சுக்கு அட்டை வேண்டாம், நாலு தடவை வரைந்தால் முனை மழுங்கிவிடும். வீட்டில் பழைய எக்ஸ்ரே ஷீட் இருந்தால் அதில் வெட்டுங்கள். கீழே இருக்கும் துணி தெரியும், டிசைன் பார்த்து வைக்கலாம்.

அப்புறம் தையல். துண்டுகளை இரண்டாக மடித்து வளைவின் நடுவில் நகத்தால் ஒரு கீறல் போடுங்கள். நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க, நடுவோடு நடு சேர்த்து ஒரு குண்டூசி. பிறகு இரண்டு முனைகளிலும் ஒவ்வொன்று. முனையில்தான் எல்லோருக்கும் தப்புகிறது. இரண்டு துண்டுகளின் நேர் ஓரமும் கடைசி அரை இஞ்ச் சரிமட்டமாக இருக்க வேண்டும், ஒன்று வழுக்கிவிட்டால் கட்டம் சதுரமாக வராது. மூன்று ஊசி எனக்குப் போதும். உங்களுக்கு நடுநடுவே இன்னும் இரண்டு வேண்டுமானால் குத்துங்கள். பத்துப் பதினைந்து குத்தினால் ஊசியைப் பிடுங்குவதிலேயே துணி நகர்ந்துவிடும்.

மெஷினில் வைக்கும்போது உள்வளைந்த துண்டு, அதாவது எல், மேலே. வட்டத் துண்டு கீழே. இதைத் திருப்பிப் போடாதீர்கள். கீழே இருப்பதை மெஷின் பல் கொஞ்சம் கூடுதலாகவே இழுத்துக்கொள்ளும், நீள ஓரம் அங்கே இருந்தால் அது அடங்கிவிடும். மேலே இருப்பது நம் விரலுக்கு எட்டும், அதைத் திருப்பித் திருப்பிக் கீழ் ஓரத்துக்குக் கொண்டுவரலாம். அரை இஞ்ச் தைத்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, மேல் துணியில் சுருக்கத்தைத் தள்ளிவிட்டு மறுபடி தையுங்கள். இழுக்க வேண்டாம், நகர்த்தினால் போதும். உங்கள் மிதி மெஷினைக் குறையாகச் சொன்னீர்கள். இந்த வேலைக்கு மோட்டார் மெஷினைவிட அதுதான் மேல். கையால் சக்கரத்தைப் பிடித்து ஒரே ஒரு தையல் போட்டு நிறுத்த மோட்டாரில் எங்கே முடிகிறது? ஊசி 14, இஞ்சுக்கு 12 தையல் அளவில் வையுங்கள்.

கால் இஞ்ச் ஃபுட் இல்லாததற்கு ஸ்கேலை ஊசிக்குக் கீழே நுழைத்து, கால் இஞ்ச் கோட்டின் மேல் ஊசியை இறக்கி, ஸ்கேல் ஓரத்தில் பிளேட்டின் மேல் ஒரு சின்னத் துண்டு டேப் ஒட்டுங்கள். நீளமாக ஒட்ட வேண்டாம். நேர் தையலுக்கு நீள டேப் உதவும், வளைவில் ஊசிக்கு நேர் எதிரே இருக்கிற அந்த ஒரு புள்ளிதான் கணக்கு.

வெட்டு கொடுப்பது பற்றி: வளைவு சின்னதானால் கொடுங்கள், பெரிதானால் வேண்டாம். கொடுத்தால் எல் துண்டில் மட்டும், ஒரு நூல் ஆழம், அரை இஞ்சுக்கு ஒன்று. தையல் கோட்டைத் தொட்டால் அங்கேதான் முதலில் கிழியும்.

வரைபலகை:

தையல் எனக்குத் தெரியாது. கட்டட வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன், மனைவி தைப்பதற்கு அச்சு வரைந்து கொடுப்பவன். கணக்கில் இரண்டு விஷயங்கள் மட்டும் சொல்கிறேன்.

அந்த முக்கால் இஞ்ச் எங்கிருந்து வந்தது? தையல் கோட்டின் ஆரம் 3 இஞ்ச் என்றால் வட்டத் துண்டின் ஓரம் 3¼ ஆரத்தில் வெட்டப்படுகிறது, எல் துண்டின் ஓரம் 2¾ ஆரத்தில். கால் வட்டத்தில் இந்த இரண்டின் நீள வித்தியாசம் 0.785 இஞ்ச். ஆரம் 5 ஆனாலும் இதே 0.785-தான், ஒன்றரை ஆனாலும் இதேதான். ஆனால் ஆரம் 5 என்றால் தையல் கோடு 7.85 இஞ்ச், அந்த வித்தியாசம் பத்தில் ஒரு பங்காகப் பரவிவிடுகிறது. ஆரம் 3-ல் ஆறில் ஒரு பங்கு. ஒன்றரையில் மூன்றில் ஒரு பங்கு. சின்ன வட்டம் ஏன் படுத்துகிறது என்பதற்கு இதுதான் காரணம். அம்மாபேட்டை அம்மா அனுபவத்தில் சொன்னது கணக்கிலும் அப்படியே வருகிறது.

இரண்டாவது, உங்கள் சாலை. வெறும் கால் வட்டமும் எல்லும் வைத்தால் ஒரு எல்லைக்கோடுதான் கிடைக்கும், சாலை கிடைக்காது. சாலைக்கு ஒரு கட்டத்தில் மூன்று துண்டுகள் வேண்டும்: உள்ளே பச்சைக் கால் வட்டம், நடுவில் சாம்பல் வில், வெளியே பச்சை எல். ஆகவே ஒரு கட்டத்துக்கு இரண்டு வளைவுத் தையல். ஒரு கொண்டை ஊசிக்கு இப்படி இரண்டு கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

சாலை கட்டத்தின் சரிநடுவில் போக வேண்டும், இதை மறக்காதீர்கள். இல்லாவிட்டால் முதல் வளைவு சேரும், திரும்பி வந்து அடுத்த வளைவில் நுழையும்போது சாலை முட்டிக்கொள்ளும். என் சிபாரிசு 8 இஞ்ச் கட்டம்: உள் ஆரம் 3, சாலை 2, மிச்சம் 3. வெளி வளைவின் ஆரம் 5 என்று வரும். தாளில் 8 இஞ்ச் சதுரம் போட்டு, ஒரு மூலையில் காம்பஸை ஊன்றி 3-லும் 5-லும் வில் வரைந்து, மூன்று துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் சுற்றிக் கால் இஞ்ச் கூட்டி அச்சு எடுங்கள். நேர் சாலைக் கட்டங்களுக்கு 3½, 2½, 3½ அகலப் பட்டைகள், நீளம் 8½.

கெட்ட செய்தி: அடுத்தடுத்த இரண்டு வரிசைகளை ஒரு வளைவு சேர்க்கிறது, ஆகவே 20 வளைவுகளுக்கு 21 வரிசைகள் வேண்டும். 21 எட்டு 168 இஞ்ச், பதினான்கு அடி. மாடியிலிருந்து தொங்கவிடலாம், கட்டிலில் போட முடியாது. 4 இஞ்ச் கட்டமாக்கினால் 84 இஞ்சில் அடங்கும், ஆனால் உள் ஆரம் ஒன்றரைக்கு வந்துவிடும். தொடக்கத்திலேயே அது வேண்டாம். 8 இஞ்சில் 11 வரிசை வைத்தால் 88 இஞ்ச், 10 வளைவுகள். பாதி மலை ஏறலாம்.

ஏற்காட்டுப் போர்வை:

அக்கா, சார், இரண்டு பேருக்கும் நன்றி. கோடு போட்டு அளந்தேன், ஒத்துவருகிறது! பாதி மலையே போதும், மீதியை இரண்டாவது அறைப் போர்வையில் போட்டுவிடுகிறேன்.

கஞ்சி விஷயத்தில்தான் தயக்கம். இங்கே மழைக் காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வரும். கஞ்சித் துணி காயவே காயாது, காய்ந்தாலும் பூஞ்சணம் பிடிக்கும், அலமாரியில் வெள்ளிப் பூச்சி வேறு. அப்புறம், தைத்த கட்டத்தை எந்தப் பக்கம் மடித்து இஸ்திரி போடுவது? காடா துணியில் பெரிய வளைவு ஒன்று தைத்தேன். நடு கொஞ்சம் எழும்பி நிற்கிறது. இஸ்திரியில் அமுங்குமா?

கைத்தையல் மட்டும்:

நான் சொன்ன வழியில் எழும்பாது என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

அம்மாபேட்டை அக்கா:

அமுங்காது. இஸ்திரியை வைத்து அமுக்கினால் அப்போதைக்குப் படுத்திருக்கும், முதல் சலவையில் எழுந்துவிடும். எழும்புவது நல்ல விஷயம்தான், என்ன தப்பு என்று அதுவே சொல்கிறது. வட்டத் துண்டு எழும்பினால் தையல் ரெண்டு நூலுக்குக் குறைவாகப் போயிருக்கிறது. வட்டத்தில் கோட்டுக்கு வெளியேயும் எல்லில் கோட்டுக்கு உள்ளேயும் தைத்திருப்பீர்கள், அதனால் வட்டத்தின் பக்கம் துணி மிச்சம். மாறாக எல் துண்டு அலை அலையாக வந்தால் தையல் கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. துண்டைத் திருப்பிப் போட்டு, சாக் கோட்டிலிருந்து எங்கே விலகியது என்று பாருங்கள். அந்த இடத்தை மட்டும் பிரித்துத் தைத்தால் போதும். ஒரு நூல் விலகினாலே எழும்பும். இதற்குத்தான் கோட்டை அழிக்க வேண்டாம் என்றேன்.

மடிப்பது எல் பக்கம். வட்டத்தின் உபரித் துணி அந்தப் பக்கம் தன் இயல்பான அளவிலேயே விரிந்து படுக்கும், எல்லின் உபரித் துணி சற்று இழுபட்டு உட்கார்ந்துகொள்ளும். வட்டத்தின் பக்கம் மடித்தால் நீளமான ஓரம் குட்டையான இடத்துக்குள் திணிக்கப்பட்டுக் கொசுவம் விழும், குயில்ட் போடும்போது கைக்குத் தட்டும். உங்கள் மூன்று துண்டுக் கட்டத்தில் உள் தையலைச் சாலையின் பக்கமும், வெளித் தையலை எல்லின் பக்கமும் மடியுங்கள். இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. வேட்டிக்குத் தேய்க்கிற மாதிரி தேய்த்தால் இவ்வளவு நேரம் காப்பாற்றிய குறுக்கு ஒரே இழுப்பில் கோணிவிடும்.

தைக்கும்போது நடு வில்லுக்கு இரண்டு வேஷம். உள் வட்டத்தோடு சேர்க்கும்போது அது மேலே, எல்லோடு சேர்க்கும்போது அது கீழே. உள்வளைந்த ஓரம் எந்தத் துண்டில் இருக்கிறதோ அது மேலே என்று மட்டும் நினைவு வையுங்கள், குழப்பம் வராது.

கஞ்சிக்கு உங்கள் பயம் நியாயமானது. கஞ்சி போட்ட துணியை அடுக்கி வைக்காதீர்கள். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, அன்றைக்கு வெட்டப் போகிற துணிக்கு மட்டும் போடுங்கள். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் சூடான இஸ்திரி எடுத்துவிடும். போர்வை முடிந்ததும் ஒரு தடவை அலசிக் கஞ்சியை எடுத்துவிடுங்கள், அப்புறம் பூச்சிக்கு அங்கே வேலை இல்லை. மழைக் காலத்தில் வெட்டியே ஆக வேண்டுமென்றால் கஞ்சியை விட்டுவிட்டுச் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துப் போகிற க்ளூ ஸ்டிக்கை எடுங்கள். தையலுக்கு விட்ட துணியில் மட்டும் லேசாகத் தடவி, நடுவிலிருந்து முனை வரை ஒட்டிக்கொண்டே போனால் குண்டூசியே வேண்டாம். துவைத்தால் போய்விடும். அதிகம் தடவினால் ஊசி பிசுபிசுக்கும், அவ்வளவுதான்.

போர்வைக்குப் போகும் முன்னால் ஒரு தலையணை உறை போடுங்கள். சாரின் 8 இஞ்ச் கணக்கில் வளைவுக் கட்டம் இரண்டு, நேர் கட்டம் இரண்டு, மொத்தம் 16-க்கு 16 உறை. அதில் முழுசாக ஒரு கொண்டை ஊசி வந்துவிடும். எல் துண்டின் வெளிப்பக்க ஓரங்களில் மட்டும் ரெண்டு நூல் கூடுதலாக விட்டு வெட்டி, தைத்து முடித்த பிறகு 8½-க்குச் சதுரமாக நறுக்குங்கள். வட்டத்தின் பக்கம் நறுக்கினால் சாலை இடம் மாறிவிடும். இரண்டு வளைவுக் கட்டங்களையும் சேர்க்கும்போது சாலையின் உள் ஓரத்தில் ஒரு குண்டூசி, வெளி ஓரத்தில் ஒரு குண்டூசி. தையல் அந்த இரண்டையும் தாண்டின பிறகு உருவுங்கள், முன்னால் உருவினால் சாலை படி மாதிரி தட்டிவிடும்.